அண்ணன் சீராக வந்த நீல ட்ரம்

என் சட்டைப் பையில் இப்போது எந்நேரமும் ஒரு அட்டை இருக்கிறது. நான் எங்காவது மயங்கி விழுந்தால் என்ன ஊசி போட வேண்டும் என்று டாக்டரம்மா கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்த அட்டை. கீழே மிச்சமிருந்த இடத்தில் தமிழில் நானே எழுதிக்கொண்டேன். இதே மாதிரி இன்னொரு அட்டை பேத்தமங்களாவில் என் தங்கை மல்லிகாவிடம் இருக்கிறது. அவளிடம் அந்த அட்டை இருப்பதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை யாருக்கும் பிடிக்காதுதான். ஆனாலும் வீட்டில் நீல ட்ரம் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு கோலார் பக்கம் நந்திதுர்க்கில், மூடிப்போன தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீடு. தினமும் விடியற்காலை ரயிலேறி, பெங்களூர் போகிற வழியில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். ஸ்டோர்ஸில் உதவியாள், பதினொரு வருஷமாக. மாத்திரை செய்யும் பொடிகள் அறுபது லிட்டர் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் ட்ரம்களில், உள்ளே பாலித்தீன் பையோடு வரும். காலியானதும் அந்த ட்ரம்மை அப்படியே வெளியே விடக் கூடாது. அடியில் ஓட்டை போட்டு, பதிவேட்டில் 'ஓட்டை போடப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எரிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான்தான்.

எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கு ஒரு முறை. சில சமயம் பத்து நாள் ஆகும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வீட்டின் வசதியை அந்த வீட்டு ட்ரம்களை எண்ணித்தான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போனாலும் நைசாகப் பின்பக்கம் போய் எத்தனை ட்ரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவனிடம் புத்தம் புது ட்ரம்மைக் கொடுத்து, ஓட்டை போடு என்றால் கை வருமா? எனக்கு வரவில்லை. பதினொரு வருஷம் வந்தது. போன தை மாதம் வரவில்லை.

அந்த மாதம் கொட்டகையின் கூரை ஒழுகி, இரண்டு ட்ரம்களில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. உள்ளே பை கிழிந்து, பொடி அடியில் கட்டியாக இறுகிப்போனது. கழித்துக் கட்டிய சரக்கு. பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு ட்ரம்மை ஒழிக்கச் சொன்னார்கள். நான் பதிவேட்டில் இரண்டுக்கும் ஓட்டை போட்டேன். ட்ரம்மில் போடவில்லை. கேட்டில் இருந்தவன் தெரிந்தவன், கண்டுகொள்ளவில்லை. அன்று சாயங்கால ரயிலில் என் இரண்டு ட்ரம்கள் மேலும் இரண்டு பேர் உட்கார்ந்து வந்தார்கள். எங்கே கிடைத்தது, எங்களுக்கும் சொல்லக் கூடாதா என்று வழியெல்லாம் ஒரே கேள்வி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் வைத்து லேபிளைச் சுரண்டினேன். சோப்புத்தூள், புளி, சாம்பல் என்று மூன்று தடவை கழுவினேன். கழுவின தண்ணீரை லைனுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் ஊற்றினேன். அடியிலும் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு படலம் மட்டும் போகவில்லை. பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி செல்வி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து வந்த ட்ரம்முங்க அது. குடிக்கிற தண்ணிக்கு வாணாம்."

"மருந்துதான? வெசமா? நோவு தீர்றதுக்குத்தான திங்கறாங்க?" என்றேன். இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

 அந்த ட்ரம்மிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. குழாயில் வருவதைத் தன் எவர்சில்வர் குடங்களில் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் இரண்டு பெரிய பாட்டிலில் தினமும் ட்ரம் தண்ணீர். பிளாஸ்டிக் வாசனை பிடிக்காத அவளுடைய பிடிவாதம் அது என்று ரயிலில் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன்.

இரண்டாவது ட்ரம் மல்லிகாவுக்கு. அவளும் மாப்பிள்ளை கோவிந்தனும் பேத்தமங்களாவில் தக்காளி போட்டுச் சேர்த்துப் புது வீடு கட்டியிருந்தார்கள். தை மாதம் கிரகப்பிரவேசம். அண்ணன் சீர் இல்லாமல் முடியுமா? அங்கே ஏரி இருக்கிறது என்றுதான் பேர், அவள் தெருவிலும் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏமாற்றும். புடவை, வேட்டி, பித்தளைக் குடத்தோடு அந்த ட்ரம்மையும் கொண்டுபோனேன். லேபிள் இருந்த இடத்தில் மஞ்சள் தடவி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, தண்ணீர் நிரப்பி, பால் காய்ச்சும் முன்னால் அதைத்தான் முதலில் உள்ளே தூக்கி வைத்தோம். வந்திருந்தவர்கள் எல்லாரும் பித்தளைக் குடத்தை விட்டுவிட்டு ட்ரம்மைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் ஆறு மாதம் நன்றாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பத்து வருஷமாக என்னைப் படுத்திய முழங்கால் வலி காணாமல் போனது. பசி என்றால் அப்படி ஒரு பசி. முகம் உருண்டையாகி, கன்னம் பளபளவென்று ஆனது. மாமனார் வீட்டில் தங்கிவிட்டாயா என்று ரயில் சிநேகிதர்கள் கேட்டார்கள். மல்லிகாவுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவாள். அவள் போன் செய்து, "புது வீட்டுக்கு வந்ததுலேர்ந்து இழுப்பே இல்லணா. உன் கை ராசி" என்றாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

ஆடி மாதம் குடியாத்தம் பக்கம் எங்கள் குலதெய்வத்துக்குக் கூழ் ஊற்றினார்கள். நான் மட்டும் போனேன். குழாயில் தண்ணீர் வருகிற முறை என்பதால் செல்வி வீட்டில் இருந்தாக வேண்டும். ஐந்து நாள் அங்கே தங்கினேன். இரண்டாம் நாளே அசதி. மூன்றாம் நாள் வாந்தி. கூழும் வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சி கொடுத்தார்கள். ஆறாம் நாள் எப்படியோ பஸ் பிடித்து வீட்டு வாசல் வரை வந்தேன். படியில் கால் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கோலாரில் ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றுகிற மின்விசிறிதான் ஞாபகம்.

ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியிருந்ததாம், சர்க்கரை நாற்பத்தெட்டு. உப்புத் தண்ணீரும் குளுக்கோஸும் ஏற்றி என்னைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஏன் விழுந்தேன் என்று யாருக்கும் தெரியவில்லை. வயிற்றில் புண்ணா என்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். காசநோயா என்று சளியைக் கேட்டார்கள். எனக்குச் சளியே வரவில்லை; பக்கத்துக் கட்டில்காரரிடம் கடன் வாங்கிக் கொடுக்கட்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன், அவள் சிரிக்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலிகள் சுவரோடு சேர்த்து அடிக்கப்பட்டவை. அதில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, எல்லாரும் கையில் இருக்கும் காகித உறையையே பார்ப்பார்கள். எனக்குள் இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். புற்றுநோய் என்று சொல்லிவிடப் போகிறார்கள்.

செல்வி ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சமைத்துத் திரும்புவாள். வரும்போது ரசம் சாதத்தோடு இரண்டு பாட்டில் தண்ணீர். "ஆஸ்பத்திரி தண்ணி உங்களுக்கு ஆவாது. பயகின தண்ணிய குடிங்க" என்பாள். கோலார் பஸ்ஸில் நின்றபடியே அந்தப் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு வருவாள். அவள் குடிக்காத தண்ணீர் அது. எனக்குப் பழக்கம் என்று எடுத்து வந்தாள். அதைக் குடித்த மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாள் இட்லி கேட்டேன். ஊசி வேலை செய்கிறது என்று நர்ஸ் சொன்னாள், சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று செல்வி சொன்னாள்.

நான்காம் நாள் காலையில் எட்டு மணிக்குச் சரியாக ஒரு ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு மறுநாள் வந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, கன்னடக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டையைத் தூக்கி வயிற்றில் இருந்த கத்தரிப்பூ நிறக் கோடுகளைப் பார்த்தார். முழங்கையில் தானாக வந்திருந்த நீலக் கன்றல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"கிட்னி தலை மேல ரெண்டு சின்ன சுரப்பி இருக்கு. அதுதான் கார்ட்டிசால்னு ஒண்ண சுரக்கும். காய்ச்சல் வந்தா, பட்டினி கிடந்தா, அடி பட்டா, உடம்ப தாங்கி நிறுத்தறது அதுதான். உங்களுக்கு அது சுத்தமா இல்ல."

"இன்னா ஆச்சுங்க அதுக்கு?"

"தூங்குது. உங்க ஊர்ல ஷிஃப்ட்னு சொல்வீங்களே. ஒருத்தன் ஷிஃப்டுக்கு தினம் வேற ஆள் வந்து வேலை செஞ்சிட்டு போனா, இவன் வீட்லயே படுத்து தூங்கிடுவான். திடீர்னு ஒருநாள் அந்த ஆள் வரல. இவனுக்கோ எழுந்திருக்கவே தெரியல. அப்போ என்ன ஆகும்? நீங்க விழுந்தீங்களே, அதுதான் ஆகும்." பேனாவை மூடினார். "வெளியேர்ந்து ஸ்டீராய்டு ஹார்மோன் உங்க உடம்புக்குள்ள போயிருக்கு. மாசக்கணக்கா. எங்கேர்ந்து? என்ன மாத்திரை? பிரட்னிசோலோனா, டெக்ஸாவா?"

டெக்ஸா. லேபிளில் இருந்த அந்தப் பேரை என் நகத்தால் நானே சுரண்டியிருக்கிறேன். ஈரம் போட்டு ஊற வைத்து, கத்தி முனையால், கடைசியில் நகத்தால்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கதையில் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. வாயைத் திறந்தேன். பதிவேடு கண்முன் வந்தது. வேலை வந்தது. கேட்டில் இருந்தவன் வந்தான். செல்வி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள், அவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னது வந்தது.

"முயங்கால் வலிக்கு ஒரு நாட்டு வைத்தியரு பொடி குடுத்தாருங்க" என்றேன்.

அப்படி ஒருவர் இல்லவே இல்லை. அவருக்கு வெள்ளைத் தாடி, சந்தைக்கு வந்து போகிறவர் என்று அடையாளம் கூடச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். காரணம் கிடைத்த நிம்மதி அவருக்கு. சுரப்பிக்குப் பதிலாகப் போடுகிற ஊசி அன்றே ஆரம்பித்தது. செல்வி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவள் மருந்து வாங்கக் கீழே போன சமயம், வராந்தாவில் நின்று மல்லிகாவுக்குப் போன் போட்டேன்.

"மல்லி, அந்த ட்ரம் தண்ணிய கொட்டிடு. இனிமே அதுல புடிக்காத."

"ஏண்ணா?"

"எங்கூட்டு ட்ரம்மு நாறுது. அதே கம்பெனி ட்ரம்முதான உன்னுதும்."

"என்னுது நாறலியே."

"சொன்னா கேளு. கொட்டிடு."

"சரிணா. நீ உடம்ப பாத்துக்க" என்றாள்.

திரும்பி வந்து படுத்தேன். ஒரே போனில் தங்கையையும் காப்பாற்றியாயிற்று, வேலையையும் காப்பாற்றியாயிற்று என்று நினைத்தேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். செல்வி கொண்டுவந்த பாட்டில்களை அவள் பார்க்காதபோது கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா மறுபடி வந்தார். "அந்தப் பொடி வேற யாராவது சாப்பிடறாங்களா, விசாரிங்க. சாப்பிட்டா, திடீர்னு நிறுத்தச் சொல்லிடாதீங்க. நேரா இங்க அழைச்சிட்டு வாங்க. இது கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும். பட்டுனு நிறுத்தினா உங்கள மாதிரிதான், சில பேர் திரும்பறதும் இல்ல."

நான் தலையாட்டினேன்.

இங்கேதான் என் குற்றம் இருக்கிறது. ட்ரம்மைக் கொண்டுவந்தது ஆசை, அறியாமை என்று ஏதாவது பேர் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தலையாட்டலுக்கு என்ன பேர் சொல்வது? எனக்கு அப்போது எல்லாம் தெரியும். நான் பண்டிகைக்குப் போன ஐந்து நாளில் எனக்கு ஆனதைத்தான் நேற்று என் வாயாலேயே மல்லிகாவுக்குச் செய்துவிட்டேன் என்று தெரியும். மத்தியானம் அவளுக்குப் போன் செய்தேன்.

"உடம்பு எப்டி கீது மல்லி?"

"நல்லாத்தான் கீறேன். கொஞ்சம் அசதி. தக்காளி பறிச்சிகினு கீறமே, அதான்."

"மயக்கம் கியக்கம் வருதா?"

"எனுக்கு ஏண்ணா மயக்கம் வருது? நீதான் படுத்துகினு கீற."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் வயசு குறைவு, என் அளவுக்கு அவள் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள், அவள் ட்ரம்மில் பொடி குறைவாக ஒட்டியிருக்கும் என்று எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே கடத்தினேன். மருந்து வாங்க, ரிப்போர்ட் வாங்க என்று செல்வி மாடிப்படி ஏறி இறங்கிக் கால் வீங்கிப்போயிருந்தாள். என் கன்னத்தைத் துடைத்து, தலை வாரி, "முகம் கொஞ்சம் வத்திருக்குங்க" என்று சந்தோஷப்பட்டாள். அவள் எனக்குச் செய்கிற ஒவ்வொன்றும் என்னைச் சுட்டது.

ஒன்பதாம் நாள், காலை டிபன் வந்த நேரம், கோவிந்தன் போன் செய்தார்.

"மச்சான், மல்லிகா எய்ந்திரிக்கவே மாட்றா. நேத்து சாயங்காலம் இழுப்பு வந்துச்சி, வாந்தி எடுத்தா. இப்ப கூப்ட்டா முனகறா. இழுப்புன்னு சொல்லி உங்க ஆஸ்பத்திரிக்கே இட்டுகினு வந்துட்டோம். கீய எமர்ஜென்சில கீறோம்."

குளுக்கோஸ் பாட்டில் மாட்டியிருந்த கம்பியைத் தள்ளிக்கொண்டே போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் சரிவுப் பாதை வழியாக இறங்கினேன். செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள். மல்லிகாவின் முகத்தில் புகை வருகிற முகமூடி மாட்டி, மூச்சுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் எப்படி உருண்டிருந்ததோ அப்படியே உருண்ட முகம். கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் நான் அவளைப் போய்ப் பார்க்கவே இல்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறவே இல்லை என்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னாள்.

"இழுப்பு இல்லைங்க. அவளுக்கும் எனுக்கு வந்ததுதான். அந்த ஊசிய போடுங்க" என்று கத்தினேன். நான் யார் என்றே அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. என்னை ஓரமாகத் தள்ளினார்கள். அதற்குள் டாக்டரம்மாவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள்.

"இவங்களும் பொடி சாப்பிட்டாங்களா?"

"பொடி இல்லைங்க. பொடின்னு ஒண்ணு இல்லவே இல்ல. ட்ரம்மு. டெக்ஸா வந்த ட்ரம்மு. நான் கொண்டாந்து குடுத்தேன். நாலு நாள் முன்னாடி தண்ணிய கொட்ட சொன்னதும் நான்தான்."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நர்ஸிடம் ஊசியின் பேரைச் சொன்னார். மல்லிகாவின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை குத்தினார்கள். கோவிந்தன் சுவரோடு ஒட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு கிடைத்தது. ஊசி போனது. உப்புத் தண்ணீர் ஓடியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா சாகும்போது மல்லிகாவின் கையை என் கையில் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வரவேண்டுமா? வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மல்லிகா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

டாக்டரம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "ஏன்ரீ, கம்பெனிக்கு பயந்தீங்க, சரி. எங்கிட்ட என்ன பயம்? அன்னிக்கு கேட்டேன், மறுநாளும் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க நடந்து வந்திருப்பாங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதற்கப்புறம் செல்விக்கும் கோவிந்தனுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எவர்சில்வர் குடம் வைத்திருந்த செல்விக்கு ஒன்றும் இல்லை. நாளெல்லாம் வயலில் போர்த் தண்ணீர் குடித்த கோவிந்தனுக்குக் கார்ட்டிசால் கொஞ்சம் குறைந்திருந்தது, சின்ன மாத்திரையில் சரியாகும் என்றார்.

அன்று சாயங்காலம் அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்கு இன்னும் உறைக்கிறது. "கழுவின தண்ணி, கொட்டின தண்ணி எல்லாம் எங்க போச்சு?" கால்வாய்க்கு என்றேன். மல்லிகா கொட்டியதும் வாசல் சாக்கடையில்தான், அது ஏரிக்குப் போகிறது. "தண்ணில விட்டா கரைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நெனைக்கிறோம். கரையும், போகாது. மீனுக்கும் தவளைக்கும் போகும், திரும்ப யாரோ குடத்துக்கு வரும். குழாய்ல விடறதுக்கு முன்னாடி குளோரின் போடறாங்களே, அது கிருமிய கொல்லும். ஹார்மோன கொல்லாது" என்றார். வீட்டில் மிஞ்சின மாத்திரையைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் இதே வேலைதானாம். நான் எத்தனை வருஷமாக அப்படிப் போட்டிருக்கிறேன்.

பெண்கள் வார்டு ஒரு மாடி கீழே. மல்லிகா அங்கே ஆறு நாள் இருந்தாள். தினமும் போய் அவள் கால்மாட்டில் நிற்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். செல்விதான் இரண்டு மாடிக்கும் கஞ்சி கொண்டுபோனாள். 'நான் அன்னிக்கே சொன்னேன்' என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் கம்பெனிக்குப் போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினேன். கேட்டில் இருந்தவன் பேரை மட்டும் சொல்லவில்லை. வேலை போனது, அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. இரண்டு ட்ரம்மையும் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், முறைப்படி எரிக்க அனுப்புவோம் என்றார்கள்.

இப்போது தினமும் காலையில் மாத்திரை. டாக்டரம்மா கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று குறைத்துக்கொண்டே வருகிறார். சுரப்பி முழுதாக விழிக்க ஒரு வருஷம் கூட ஆகலாமாம். முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. படியேறும்போதெல்லாம் வலிக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் ட்ரம்மை ஒப்படைத்துவிட்டேன். மல்லிகாவுடையதை எடுத்துவர ஐப்பசியில்தான் பேத்தமங்களாவுக்குப் போனேன். கொடுத்த சீரைத் திருப்பி வாங்க எந்த அண்ணன் போவான்? எங்கள் பக்கம் அது உறவை முறிக்கிற காரியம். அதனால்தான் அத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அவள் வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் வற்றி, பழைய மல்லிகாவாகியிருந்தாள். பக்கத்தில் இழுப்புக்கான மருந்துக் குப்பி. ட்ரம் வீட்டுக்குப் பின்னால் மூடி போட்டு வைக்கப்பட்டிருந்தது. குங்குமப் பொட்டு மூன்றும் அப்படியே இருந்தன.

"ட்ரம்ம எடுத்துகினு போவ வந்தேன் மல்லி. எரிக்க அனுப்பணும்."

அவள் தக்காளியைப் போட்டுக்கொண்டே இருந்தாள். 

"நாறுதுன்னு சொன்ன இல்லணா அன்னிக்கு. போன வெச்சிட்டு நான் போய் மோந்து பாத்தேன். ரெண்டு வாட்டி மோந்து பாத்தேன். நாறவே இல்ல. அவுருகூட நல்ல தண்ணிய ஏன் கொட்றன்னு கேட்டாரு. அண்ணன் சொல்லிச்சி, கொட்டணும்னு சொன்னேன்."

உருண்டு வந்த ஒரு தக்காளியை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

"ட்ரம்மு குடுத்தது தெரியாம குடுத்த. அத நான் நெனைக்கிறது கூட இல்ல" என்றாள். "மயக்கம் வருதான்னு கேட்ட பாரு, அதான் இன்னும் காதுல கீது."

"தப்புதான் மல்லி" என்றேன். அதற்கு முந்தின மூன்று மாதத்தில் எத்தனையோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன், அங்கே வந்தது அது ஒன்றுதான்.

ட்ரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "நில்லு" என்று உள்ளே போனாள். எங்கள் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு கைப்பிடி அரிசியாவது, சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அவள் கை நிறைய அரிசி எடுத்து வந்தாள். நான் ட்ரம்மை இறக்கினேன். அவள் பழக்கத்தில் மூடியைத் திறந்து, கையை உள்ளே நீட்டினாள். அப்படியே நின்றுவிட்டாள். அடியில் அந்த வெள்ளைப் படலம் தெரிந்தது.

மூடியை மூடினாள். என் வலது கையை இழுத்து, விரலைப் பிரித்து, அரிசியை அதில் கொட்டி மூடினாள்.

"இத கையிலியே எடுத்துகினு போ. அண்ணிகிட்ட குடு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் ஒரு கை அரிசிக்கும் ஒரு கை ட்ரம்முக்கும் சரியாகப் போனது. கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் சாய்ந்து சாய்ந்து நின்றேன். எதிர் சீட்டில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் ட்ரம்மையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்கணா வாங்கின? நல்லா கீது. குடுக்கறதுன்னா சொல்லு, எங்கூட்டுக்கு வோணும்" என்றாள்.

"இது குடிக்கிற தண்ணிக்கு ஆவாதும்மா. நான் கம்பெனிக்கு தெரியாம எடுத்து வந்த மருந்து ட்ரம்மு. இதால என் தங்கச்சி சாவற வரைக்கும் போயி வந்தா" என்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வந்து சேரும் வரை, என் தலையாட்டல் உட்பட, ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். கைக்குள் அரிசி வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு மணி கூடக் கீழே விழவில்லை.